கைக்கணக்கில் கார் செய்கிறவர்கள் 24 மணி நேர ரேஸுக்குப் போகலாமா?

2022 ஜூன் 11, சனிக்கிழமை ராத்திரி. காசிமேட்டில் தடைக்காலம் முடிய இன்னும் மூன்று நாள்தான். மாமாவின் பட்டறையில் ஒரு விசைப்படகின் எஞ்சின் பிரித்துப் போட்டிருக்கிறது, 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டினால் படகு கடலில் இருக்க வேண்டும். நான் போனை டீசல் கேன் மேல் சாய்த்து வைத்து, பிரான்சில் நடக்கிற லே மான்ஸ் 24 மணி நேர கார் ரேஸைப் பார்த்துக்கொண்டே வால்வு துடைத்துக்கொண்டிருந்தேன். நம் நேரப்படி ராத்திரி ஏழரைக்குத் தொடங்கி மறுநாள் ராத்திரி ஏழரைக்கு முடிகிற ரேஸ். டொயோட்டாவோடு மோதிக்கொண்டு கிளிக்கென்ஹாஸ் என்று ஒரு பெயர் ஓடுகிறது, இரண்டு வண்டி. மாமா எட்டிப் பார்த்தார்.

"இது பெரிய கம்பெனியாடா?"

"இல்ல மாமா. அமெரிக்காக்காரர் ஒருத்தர், முன்னாடி சினிமா எடுத்தவர். அவர் பேர்லயே கட்டின வண்டி."

"அப்ப ஸ்பேரு? அடுத்த வருசம் ஓட்டக் காசு?"

படகு எஞ்சினோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய ஆளுக்கு முதலில் தோன்றுவது இந்தக் கேள்விதான். வருஷத்துக்குச் சில டஜன் வண்டி மட்டும் செய்கிற கம்பெனிகளுக்கு இந்த ரேஸ் தேவையா என்று யார் பேசினாலும், எனக்கு அதே கேள்விதான் அளவுகோல்: இரண்டாவது வருஷத்துக்கு யார் காசு போடுவார்கள்?

அப்படிப்பட்ட கம்பெனிக்கு நான்கு வழி உண்டு. முதல் வழி, கிளிக்கென்ஹாஸ் போன வழி. சொந்தப் பணம், சொந்தப் பெயர், நேராக மேல் வகுப்பு, அதாவது மொத்த ரேஸையும் ஜெயிக்கப் போட்டி போடுகிற வண்டிகளின் பிரிவு. ஹைபிரிட் கிடையாது, பிரான்சின் பிபோ நிறுவனம் செய்த 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி8. லே மான்ஸில் 2021இல் நான்காவது, ஐந்தாவது இடம். 2022இல் மூன்றாவது, நான்காவது. அந்த இரண்டு வருஷமும் அந்த வகுப்பில் மொத்தமே ஐந்து வண்டிதான், அதனால் மேடை ஏறியது பெரிய விஷயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சரி, 2023ஐப் பாருங்கள். ஃபெராரி, போர்ஷே, காடிலாக், பெஜோ எல்லோரும் வந்து வகுப்பு 16 வண்டியாகப் பெருகிய நூற்றாண்டு ரேஸ் அது. அதில் ஆறாவது, ஏழாவது. வந்திருந்த எந்த பெஜோவும், எந்த போர்ஷேவும் இவர்களுக்கு முன்னால் முடிக்கவில்லை. மூன்று வருஷத்தில் ஆறு முறை கிளம்பி ஆறு முறையும் கோட்டைத் தாண்டிய வண்டி. 24 மணி நேரம் எஞ்சின் ஓடுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம்? அதோடு நின்றுவிட்டது. லே மான்ஸும் ஒரு சுற்றாக இருக்கிற 2024 உலகத் தொடரில் அவர்கள் இல்லை. வண்டி தோற்கவில்லை, வண்டிக்குப் பின்னால் ஆள் இல்லை. ஃபெராரிக்கு ரேஸ் செலவு கம்பெனிக் கணக்கில் ஒரு வரி. இவருக்கு அது சொந்தப் பையில் கை விடுவது. இதே வழியில் 2024இல் ஒற்றை வண்டியோடு வந்த இத்தாலியின் இசோட்டா ஃபிராஸ்கினி லே மான்ஸில் 14ஆவது இடத்தில் ஒழுங்காக முடித்தது, ஆனால் சீசன் பாதியிலேயே விலகிவிட்டது. 2025 முதல் உலகத் தொடரின் மேல் வகுப்பில் ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு வண்டி இறக்கியே ஆக வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. சின்னக் கம்பெனிக்குக் கதவு முக்கால்வாசி சாத்தியாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, விற்கிற காரையே ஜிடி வகுப்பில் ஓட்டுவது. இதில் ஸ்பைக்கரையும் பனோஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தானாகத் தெரியும். நெதர்லாந்தின் ஸ்பைக்கர், அழகான சி8, ஆடி வி8 எஞ்சின். பல வருஷம் லே மான்ஸ் போய், 2009இல் ஜிடி2 வகுப்பில் ஐந்தாவதாக வந்தார்கள். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நடுவில் 2006இல் ஒரு ஃபார்முலா 1 அணியையே வாங்கினார்கள், அடுத்த வருஷமே விற்றார்கள். அதுதான் நம்ம ஃபோர்ஸ் இந்தியா ஆனது. 2010இல் சாப் கார் கம்பெனியையும் வாங்கினார்கள். 2014 கடைசியில் திவால். லே மான்ஸ் அவர்களைக் கவிழ்க்கவில்லை, அளவு தெரியாமல் கை நீட்டியதுதான் கவிழ்த்தது.

பனோஸ் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சின்னக் கம்பெனி. ஃபோர்டு வி8 எஞ்சினை முன்னால் வைத்த எஸ்பெரான்டே கார் 2006இல் லே மான்ஸ் ஜிடி2 வகுப்பையே ஜெயித்தது, போர்ஷேகளும் ஃபெராரிகளும் நிறைந்த வகுப்பை. ஆனால் கம்பெனிக்குப் பின்னால் இருந்த டான் பனோஸ் மருந்துத் தொழிலில் சம்பாதித்தவர். அமெரிக்காவில் 1998இல் 'பெட்டீ லே மான்ஸ்' (குட்டி லே மான்ஸ்) என்ற ரேஸையும் அடுத்த வருஷம் அமெரிக்கன் லே மான்ஸ் தொடரையும் தொடங்கியவரே அவர்தான். தெருவையே சொந்தமாக வைத்திருப்பவர் தெருவில் கடை போடுவது எல்லோராலும் முடியாது.

மூன்றாவது, போகாமல் இருப்பது. சுவீடனின் கோனிக்செக் 2007இல் ஜிடி1 வகுப்புக்கென்றே சிசிஜிடி என்று ஒரு வண்டி கட்டியது. அதே வருஷம் விதி மாறியது, கார்பன் ஃபைபர் மோனோகாக் (ஒரே கூடாகச் செய்த உடல்) கூடாது, குறைந்தது 350 வண்டியாவது செய்திருக்க வேண்டும் என்று. அவர்கள் எங்கே 350க்குப் போவது? செய்தது ஒரே ஒரு வண்டி, ரேஸில் இறங்காமலே போனது. அதன் பிறகும் கோனிக்செக் நன்றாகத்தான் வளர்ந்தது, வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். இத்தாலியின் பகானியும் 2003இல் தன் ஸோண்டா கார் ஒன்று லே மான்ஸில் சீக்கிரமே ரிப்பேர் ஆகி நின்ற பிறகு அந்தப் பக்கம் பெரிதாகத் தலை வைக்கவில்லை. பணக் கணக்கில் இந்த வழிதான் சரி, அதை மறுக்க முடியாது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. துறைமுகத்தைத் தாண்டாத படகை எத்தனை பெயின்ட் அடித்து வைத்தாலும் காசிமேட்டில் யாரும் அதைப் படகு என்று சேர்க்க மாட்டார்கள்.

என் ஓட்டு நான்காவதற்கு, வாங்கினவர்கள் கேட்டுப் போவது. மெக்லாரன் எஃப்1 ரேஸுக்காகச் செய்த கார் இல்லை. அதை வடிவமைத்த கோர்டன் மர்ரே சாலைக்காகத்தான் வரைந்தார். ரேஸில் ஓட்டுகிற பணக்கார வாடிக்கையாளர்கள் விடாமல் நச்சரித்துத்தான் அதன் ரேஸ் வடிவமான ஜிடிஆர் பிறந்தது. 1995 லே மான்ஸில் ஏழு மெக்லாரன் கிளம்பின. மழை கொட்டிய ரேஸ். முடித்த இடங்கள் ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, பதின்மூன்று. மொத்தமாக ஜெயித்தது அந்த முதல் முயற்சியிலேயே. அந்த கார் எல்லா வகையும் சேர்த்து 106தான் செய்தார்கள், அதில் 28 ஜிடிஆர். அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல் ரேஸ் வண்டி, பெரும்பாலும் யாரோ காசு கொடுத்து வாங்கியது. ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் கம்பெனிக்குச் செலவு இல்லை, அதுவே வியாபாரம். மாமாவின் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிற ஒரே வழி இதுதான்.

இன்றைக்கு அது முடியுமா என்றால், லே மான்ஸ் மேல் வகுப்பில் கஷ்டம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் தடத்தில் முடியும் என்பேன். கிளிக்கென்ஹாஸே முதலில் அங்கேதான் வேர் விட்டார். 2017இல் அங்கே நடக்கிற 24 மணி நேர ரேஸில் அவருடைய 003சி கார் பெரிய ஜெர்மன் அணிகளுக்கு முன்னால் முதல் இடத்தில் நின்று கிளம்பியது. சுற்று ஒன்று 25 கிலோமீட்டர், நூற்றுக்கும் மேல் வண்டிகள், ஒற்றை வண்டியோடு வருகிறவனுக்கும் இடம் உண்டு. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் வீட்டுக் கொட்டகையில் கட்டிய வண்டிகளும் வந்து ஓடின என்று மாமா சொல்வார், அந்த மாதிரி இடம் உலகத்தில் இன்னும் மிச்சம் இருப்பதே எனக்குச் சந்தோஷம். சின்னக் கம்பெனி அங்கே போகட்டும், இரண்டு வாடிக்கையாளர் கிடைத்த பிறகு மற்றதை யோசிக்கட்டும்.

2024 ஜூன். மறுபடி தடைக்காலம் முடிகிற வாரம், அதே பட்டறை, வேறு எஞ்சின். ரேஸ் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மாமா போனைப் பார்த்துவிட்டு, "அந்த அமெரிக்காக்காரர் வண்டி எங்கடா?" என்றார். இந்த வருஷம் வரவில்லை என்றேன்.

"ரெண்டும் கடைசி வரைக்கும் ஓடுச்சேடா" என்று சொல்லிவிட்டு கேஸ்கட்டை எடுக்கப் போனார்.