ஜிப்சியில் எலக்ட்ரிக் ஃபேன்: ரிலே சாக்கெட் மாற்றிய கையோடு

மண் தடப் பந்தய வண்டியில் ரேடியேட்டரைக் குளிர்விக்க மோட்டாரில் ஓடும் எலக்ட்ரிக் ஃபேன் நல்லதா, இன்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றும் பெல்ட் ஃபேன் நல்லதா என்று வேலந்தாவளத்து நண்பர் கேட்டிருக்கிறார். என் மாருதி ஜிப்சிக்கு மறுபடியும் ரிலே சாக்கெட் (ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே என்ற சுவிட்சைச் செருகும் இடம்) மாற்றிவிட்டு வந்திருக்கும் வேளையில் கேட்டதால், பதிலில் சற்று எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் ஃபேனின் சுற்று இரட்டிப்பானால் அது தின்னும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நழுவவிடும் விஸ்கஸ் கிளட்ச் அதை ஓரளவு மட்டுப்படுத்தினாலும், 1.3 லிட்டர் இன்ஜினில் அந்த இழப்பு வளைவை விட்டு வெளியேறும்போது காலுக்கே தெரியும். எலக்ட்ரிக் ஃபேன் போட்ட பிறகு வண்டி மிதித்தவுடன் எழுகிறது. புறப்பாட்டு வரிசையில் இன்ஜின் ஐடிலில் கிடந்தாலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. தண்ணீரில் இறங்குமுன் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிடலாம். பெல்ட் ஃபேனாக இருந்தால் இறக்கை முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும் அபாயம் உண்டு.

இத்தனை நல்ல பொருளைக் கட்டைவிரல் அளவேயுள்ள ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் கெடுக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மாவாகப் பறந்து, மூடி போட்ட இடத்துக்குள்ளும் புகுந்துவிடும். குலுங்கலில் டெர்மினல் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறுகிறது. இந்த முறை ரிலேயில் ஃபேனுக்கு மின்சாரம் போகும் 87 என்று எண்ணிட்ட காலின் பக்கம் சாக்கெட் பழுப்பேறி இளகியிருந்ததால், ரிலேயை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. மின்னோட்டம் கூடாததால் ஃபியூஸ் போவதில்லை. ஃபேன் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. ஹெல்மெட்டுக்குள் இருப்பவனுக்கு வெப்பமானி முள் ஏறிய பிறகே சேதி தெரியும். கனத்த ஒயர், 40 ஆம்பியர் ரிலே, பேட்டரியிலிருந்து நேரடி எர்த் எல்லாம் எலக்ட்ரீஷியன் குறைசொல்ல முடியாதபடி செய்துதான் கொடுத்திருந்தார்.

மண்ணில் சக்கரம் வழுக்கும்போது வண்டி மெதுவாகவும் இன்ஜின் உச்சத்திலும் ஓடும். எதிர்க்காற்று போதாத அந்த நேரத்தில், பெல்ட் ஃபேன் யாரிடமும் மின்சாரம் கேட்காமல் கூடுதலாகக் காற்றை இழுக்கும். ஆகவே, மேலே பாடிய புகழெல்லாம் அப்படியே இருக்கட்டும். அடுத்த பந்தயத்துக்குப் பழைய பெல்ட் ஃபேனையும் அதைச் சுற்றி நிற்கும் ஷ்ரவுட் கூட்டையும்தான் மாட்டப்போகிறேன். நண்பர் தார்ச்சாலையிலும் ஓட்டுபவர் என்பதால் தாராளமாக எலக்ட்ரிக் போட்டுக்கொள்ளலாம். என்னுடையதையே வாங்கிக்கொள்வதானால் ரிலேயைச் சும்மாவே தருகிறேன். சாக்கெட்டை மட்டும் அவர் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும்.