போன்சாயில் மாவுப்பூச்சி: ஸ்பிரிட்டா, வேப்பெண்ணெயா, இமிடாகுளோப்ரிடா?

தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரத்தின் இலைக்காம்பு இடுக்கிலும், வடிவத்துக்காகக் கம்பி சுற்றிய இடத்திலும் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு. வெறும் தண்ணீரில் கலந்த மருந்து அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அதனால் பூச்சி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பத்து, இருபது பூச்சிதான் என்றால் ஸ்பிரிட்டுக்கு, அதாவது 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு, ஈடில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மெழுகு கரைந்து வெள்ளை மறைந்தால் மருந்து உடம்பில் பட்டுவிட்டது. முட்டைப்பையைச் சுரண்டியே எடுக்க வேண்டும். தவறினால் குஞ்சுகள் கிளம்பிவிடும். எனவே வாரம் ஒருமுறை, நான்கு வாரம். மரம் முழுக்கத் தெளித்தால் தளிர் கருகும்.

பூச்சி பரவிவிட்டால் வேப்பெண்ணெய். 5 மில்லி எண்ணெயில் 2 மில்லி திரவ சோப்பை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த வரிசையில்தான். சரியாகக் கலக்காத எண்ணெய் மேலே மிதக்கும். தண்ணீர் தீர்ந்ததும் தெளிப்பானில் மிஞ்சும் அந்த எண்ணெய் திப்பித்திப்பியாக வந்து இலையைப் பொசுக்கும். மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். மண்ணின் மேலுள்ள பாசியை பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். மிச்சக் கரைசல் மறுநாளுக்கு ஆகாது. வளர்ந்த பூச்சி உடனே சாகாது, குஞ்சுகள்தான் முதலில் அடங்கும். சோப்புக் கரைசல் மட்டும் போதுமா என்றால், காய்ந்த பிறகு அதற்கு வேலையே இல்லை.

வேர் வழியே மரத்துக்குள் ஏறும் பூச்சிக்கொல்லியான இமிடாகுளோப்ரிட் கடைசி ஆயுதம். வேரில் மாவுப்பூச்சி இருந்தாலோ, ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) இலையை இலைப்பேன் சுருட்டி உள்ளே ஒளிந்திருந்தாலோ அது சரி. 17.8 எஸ்.எல். (17.8 சதவீதம், நீரில் கரையும் திரவம்) மருந்தைச் சிரிஞ்சில் அளந்து, லிட்டருக்கு அரை மில்லிக்கு மேல் போகாமல் கலக்குங்கள், கையுறை கட்டாயம். ஆழமில்லாத தட்டில் காய்ந்த மண்ணுக்கு ஊற்றினால் ஓரமாக வழிந்துவிடும். முதலில் தண்ணீர் விட்டு, அரை மணி கழித்து மெதுவாக ஊற்றுங்கள். பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். சிவப்புச் சிலந்திப்பேனுக்கு இது பலிக்காது, சில சமயம் அந்தப் பேன் பெருகவும் செய்யும். பூத்திருக்கும் மரத்துக்கு வேண்டாம், தேனீக்கு விஷம்.

எதைத் தேர்ந்தாலும் எறும்பை ஒழிக்காமல் பயனில்லை. தேன்போன்ற கழிவுக்காக அது மாவுப்பூச்சியைக் காத்து, தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். மரம் வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். எந்தக் கிளையும் சுவரைத் தொடக்கூடாது.