மல்லாவியிலிருந்து ஐ.என்.ஆர் பார்க்கப் போவது

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள், இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை குடிக்கும் வயதானவர் இருக்கிற வீட்டுக்குப் போனால் முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கேட்பதில்லை, செலவெல்லாம் வழியில்தான். இலங்கையின் வன்னியில் மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்தார் ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) பார்க்க வவுனியாவுக்குப் போவதென்றால் விடியமுன் வெளிக்கிட்டு மாங்குளத்தில் பஸ் மாறவேண்டும். இரத்தம் கொடுத்தபின் முடிவு வரும்வரை வாங்கில் இருக்கவேண்டும். நடக்கமாட்டாதவருக்கு ஓட்டோ பிடிக்கவேண்டும். துணைக்குப் போகிறவருக்கு ஒருநாள் கூலியும் இல்லை. குளிசை அளவு ஒத்துவரும்வரை இந்த அலைச்சல் கிழமைக்கொரு தடவைகூட வரும். சீரானால்தான் இடைவெளி கூடும்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு ஐ.என்.ஆர் வழக்கமாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். அதற்காக ஒருநாள் 3 மில்லிகிராம், மறுநாள் 4 என்று எழுதிவிடுவார்கள். வெண்படலம் விழுந்த கண்ணுக்கு 1 மில்லிகிராம் குளிசையும் 5 மில்லிகிராம் குளிசையும் ஒன்றுதான். பிரித்தானியாவில் 1 மண்ணிறம், 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. அந்தப் பழக்கத்தில் இங்கே நிறத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், கம்பனி மாறினால் நிறமும் மாறும். எல்லாம் 1 மில்லிகிராமாகத் தரமுடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நடுங்கும் கைக்குப் பாதி உடைப்பதைவிட நாலு எண்ணுவது லேசு. கலண்டரில் பெரிதாக எழுதி, குடித்ததும் கோடு போடவேண்டும். மறந்தது அன்றைக்கே ஞாபகம் வந்தால் குடிக்கலாம். மறுநாள் இரண்டையும் சேர்த்துக் குடிக்கக்கூடாது.

கூடுதலாகப் பிசகுவது பாமசியில். மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனக் வாங்கினால் குடலில் இரத்தம் கசியலாம். வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல், சலக்கடுப்புக்குக் கோ-ட்ரைமொக்சசோல் இரண்டும் ஐ.என்.ஆரை ஏற்றி இரத்தக் கசிவுக்கு வழிவிடும். பரசிற்றமோல் பரவாயில்லை, ஆனால் நாட்கணக்கில் முழு அளவில் குடித்தால் அதுவும் ஏற்றும்.

வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று கீரையை நிறுத்தச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையில்லை. முருங்கையிலையோ வல்லாரையோ, கிழமைக்குக் கிழமை அளவு ஒரேமாதிரி இருந்தால் சரி. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்ததும் கீரை போய் ஒரு மாதம் இறைச்சியாகச் சமைப்பதுதான் கணக்கைக் குழப்பும்.

விரலில் குத்தி ஐ.என்.ஆர் பார்க்கும் மெஷின் கொண்டுபோனால் ஸ்ட்ரிப் பெட்டியிலுள்ள வெப்ப எல்லையைப் பாருங்கள். 30 பாகை என்று இருந்தால், சித்திரையில் தகரக் கூரையின் கீழ் வைத்த ஸ்ட்ரிப்பை நம்ப ஏலாது.

வார்ஃபரினுக்குப் பதிலாகக் குடிக்கும் அபிக்சபானுக்கு ஐ.என்.ஆர் பார்க்கத் தேவையில்லை என்பதால் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகிறார்கள். இதயத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு அது ஆகாது. துடிப்பு ஒழுங்கீனத்துக்கு வழமையான அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை. 80 வயதோ அதற்கு மேலோ, 60 கிலோவோ அதற்குக் குறைவோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் 1.5 (மி.கி/டெசிலீற்றர்) அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் ஒரு தடவைக்கு 2.5 மில்லிகிராமாகக் குறையும். வார்ஃபரினோடு சேர்த்துக் குடிக்கக்கூடாது, மாற்றுவதை டொக்டர்தான் செய்யவேண்டும். நீங்கள் திரும்பிப்போய் பெட்டி முடிந்தால் ஓரிரு நாளில் மருந்தின் காவல் போய்விடும். பிறகு வருவது பாரிசவாதமாக இருக்கலாம். அங்கே தொடர்ந்து வாங்க வழியிருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றிக் கதையுங்கள்.

விழுந்து தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். கொப்பியும் கையோடு போகவேண்டும்.