வீடு மாறும்போது தானம் கொடுக்கப் போகிறீர்களா? என் மாமியாரின் தையல் மெஷின் போன இடத்தைக் கேளுங்கள்

குரோம்பேட்டையில் 12 வருஷம் இருந்த வாடகை வீட்டை 2024 மே கடைசியில் காலி செய்தோம். போகிற இடம் பெருங்களத்தூரில் ஒரு சின்ன ஃபிளாட். இருக்கிற சாமானில் பாதி அங்கே நுழையாது. ஃபிரிட்ஜ், கோத்ரெஜ் பீரோ, டைனிங் டேபிள், புத்தக அலமாரி, இரண்டு மெத்தை, மூட்டை மூட்டையாகத் துணி, அப்புறம் மாமியாருடைய சிங்கர் தையல் மெஷின். காலால் மிதிக்கிற பழைய மெஷின். இடது பக்க டிராயரின் குமிழ் எப்போதோ உடைந்துபோக, நூல் தீர்ந்த மரக்கட்டை ஒன்றை ஆணியடித்து அதையே கைப்பிடி ஆக்கியிருந்தார் மாமியார். அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

காயலான் கடையில் போட மனசு வரவில்லை. நெட்டில் தேடி, பழைய பொருள்களை நன்கொடையாக வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஓர் அறக்கட்டளையின் நம்பருக்குப் போன் செய்தேன். பெயரை எழுதப் போவதில்லை. இந்த ஆட்கள் பெயரைச் சட்டை மாதிரி மாற்றிக்கொள்வார்கள், அதனால் நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டாலே போதும்.

போனை எடுத்த பையனுக்கு எதுவுமே வேண்டாததாக இல்லை. மெத்தையா, கொடுங்கக்கா. கிழிந்த துணியா, அதையும் கொடுங்கக்கா. "தையல் மெஷின் ஒண்ணு இருக்கு தம்பி" என்றதும் குரலே மாறியது. "அக்கா, எங்க ஹோம்ல ஒரு பொண்ணு தையல் கத்துக்கிட்டு மெஷின் இல்லாம உக்காந்திருக்கா. கடவுளா பார்த்து உங்களைப் பேச வெச்சிருக்கார்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பெயர் என்ன, ஹோம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காய்கறிக்காரரிடம் 5 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள் நான். தர்மம் என்று வந்துவிட்டால் கேள்வி கேட்பதே பாவம் என்று ஒரு நினைப்பு.

வண்டி வாடகை 1,500 ரூபாய் முன்கூட்டியே வேண்டும், ஹோமுக்கு வருமானம் கிடையாது என்றான். ஜிபேயில் அனுப்பினேன். திரையில் வந்தது அறக்கட்டளையின் பெயரில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன்.

காலையில் 10 மணிக்கு வருவதாகச் சொன்ன டாடா ஏஸ், சாவி கொடுக்க வேண்டிய நாளன்று சாயங்காலம் ஆறரைக்கு வந்து நின்றது. இந்தத் தாமதமும் தொழிலில் ஒரு பகுதி என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த நேரத்தில் வேறு யாரையும் கூப்பிட முடியாது, அவர்கள் வைத்ததுதான் சட்டம். இறங்கிய இரண்டு பேரும் ஹோம் ஆட்கள் மாதிரியே இல்லை. ஒருவர் ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்து கம்ப்ரஸரைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பீரோ கதவை விரலால் சுண்டி, தகட்டின் கனம் பார்த்தார். தையல் மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பேசாமல் தலையாட்டினார்கள். ஃபிரிட்ஜ், பீரோ, மெஷின், அலமாரி, டைனிங் டேபிள் ஏறின. மெத்தையும் துணி மூட்டைகளும் கூடத்திலேயே கிடந்தன. "அது அடுத்த டிரிப்க்கா." அடுத்த டிரிப் வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. ஹவுஸ் ஓனர் அவற்றை அப்புறப்படுத்திய செலவு என்று அட்வான்ஸில் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப் போயிருப்பார். நான் 4,500 ரூபாய் கைக்காசு போட்டு வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

போகும்போது ஒரு ரசீது கொடுத்து, "80ஜி இருக்குக்கா, வரியில கழிச்சுக்கலாம்" என்றார்கள். அதைப் பார்த்து எங்கள் ஆடிட்டர் சிரித்தார். அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் கழிவு, பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. உண்மையான பதிவு உள்ள அறக்கட்டளை என்றால் 10பிஇ என்ற வரிப் படிவத்தில் நன்கொடைச் சான்றிதழ் தந்திருக்கும். இந்த ரசீதில் பான் நம்பர்கூட இல்லை. ஃபிரிட்ஜுக்கு 80ஜி உண்டு என்று ஒருத்தன் சொன்னால், அவனுக்கு 80ஜி தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

அதோடு மறந்திருப்பேன். ஆனால் புது வீட்டில் புத்தகங்கள் தரையில் கிடந்தன. மலிவாக ஓர் அலமாரி கிடைக்குமா என்று ஜூலையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். பழைய டிவி, கதவு, புறாக்கூண்டு எல்லாம் தாண்டிப் போகும்போது, ஒரு தார்ப்பாய் மேல் தையல் மெஷின் ஒன்று. நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். இவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். இடது பக்க டிராயரில் நூல் கட்டை.

விலை கேட்டோம். 4,500. எங்கே வாங்கினீர்கள் என்றதற்குக் கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "டிரஸ்ட் பசங்க மாசத்துக்கு ரெண்டு லோடு கொண்டாந்து போடுவாங்கம்மா. நான் காசு கொடுத்துத்தான் எடுக்கிறேன்." அவர் மேல் தப்பில்லை. நன்கொடையாக வந்ததை விற்பதேகூடத் தப்பில்லை. விற்றுப் பணமாக்கித்தான் ஹோம் நடத்துகிறோம் என்று முதலிலேயே சொல்லுகிற நல்ல அமைப்புகளும் உண்டு. இல்லாத ஒரு பெண்ணைக் காட்டி என்னை அழ வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் மிச்சமிருந்த இரண்டு ஃபேனையும் பாத்திரங்களையும் கொடுக்க, தாம்பரம் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த அம்மா முதலில் கேட்டது, "ஃபேன் ஓடுதாங்க?" பழைய துணி வேண்டாம், மெத்தை வேண்டவே வேண்டாம், குண்டான் இருந்தால் கொடுங்கள், முடிந்தால் சோப்பு வாங்கித் தாருங்கள் என்று பட்டென்று சொன்னார். இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு செய்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. 2015-ஆம் வருஷச் சட்டத்தில் குழந்தைகள் இல்லம் எதுவானாலும் பதிவு கட்டாயம். சந்தேகம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம்.

நீங்கள் வீடு மாறுவதாக இருந்தால் கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். வண்டியை நீங்களே பிடித்து, நீங்களே கூடப் போய் இறக்குங்கள். யாரும் வாங்காத மெத்தையைத் தானம் என்ற பெயரில் யார் தலையிலும் கட்ட வேண்டாம். சென்னை மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் கேளுங்கள்.

போன வாரம் இவர் தன் போனிலிருந்து அந்தப் பழைய நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அதே குரல்.

"தையல் மெஷினா சார்? எங்க ஹோம்ல ஒரு பொண்ணு..."