எலெக்ட்ரோன் பீட்டா, டௌரி, பன் கேனரி: திருகோணமலைக் கடைக் கணினிகளில் எது ஓடும், எது உதைக்கும்?

விடுதி முன்பதிவு, கடை பில், மீன் வாடி எடைக் கணக்கு என்று திருகோணமலையில் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களுக்கு எலெக்ட்ரோன் வசதியானது. இணையப் பக்கம் எழுதத் தெரிந்தால் போதும், அதையே விண்டோஸில் ஓடும் செயலியாகக் கட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஒரு முழுக் குரோமியமும் (குரோம் உலாவியின் அடித்தளம்) ஒரு நோட் ஜேஎஸ்ஸும் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டுவது) உட்கார்ந்திருக்கின்றன. எட்டு வாரத்துக்கு ஒரு புதுப் பெரிய பதிப்பு வரும்போது இவையும் நகர்கின்றன. அந்த நகர்வு கடை மேசைக்கு வருமுன் பார்த்துக்கொள்ளும் இடம்தான் பீட்டா, அதாவது நிலைப் பதிப்புக்கு முன் வரும் சோதனைப் பதிப்பு. புது வசதி தேடி அதை இறக்கினால் ஏமாற்றமே மிஞ்சும். எது உடையப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத் தேடினால் நல்ல சாமான்.

முதலில் நாட்காட்டி. 2021 செப்டெம்பரில் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து எட்டு வாரச் சுற்று நடக்கிறது. அல்பா, பிறகு பீட்டா, பிறகு நிலைப் பதிப்பு. கடைசியாக வந்த மூன்று பெரிய பதிப்புகளுக்கு மட்டுமே பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அதாவது ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய அரை ஆண்டு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025இல் 35ஆம் பதிப்பு மார்ச் 4 வந்து செப்டெம்பர் 2 ஆதரவு முடிந்தது. 36ஆம் பதிப்பு ஏப்ரல் 29 வந்து ஒக்டோபர் 28 வரை தாங்கியது. 35ஐப் போட்டுக் கொடுத்தவருக்கு, விடுதியில் ஆள் நிற்க இடமில்லாத நேரத்திலேயே பதிப்பு மாற்றும் வேலை வந்து சேரும். 36ஐ மார்ச் கடைசியில் பீட்டாவாகவே சோதித்து, நிலைப் பதிப்பு வந்த கையோடு மாற்றியவருக்குச் சீசன் முழுக்கக் கை வைக்கத் தேவையில்லை. அடுத்த பெரிய மாற்றத்தை வடகீழ்ப் பருவ மழைக்கு, விடுதிகள் வெறிச்சோடும் காலத்துக்குத் தள்ளிவிடலாம். இந்த ஊருக்குப் பீட்டாவால் வரும் மிகப் பெரிய லாபம் இந்தக் கால ஒழுங்குதான்.

நிறுவுவது சுலபம். என்பிஎம் (நோட் பொதிகளை இறக்கும் கருவி) கட்டளையில் எலெக்ட்ரோன் என்ற பெயருக்குப் பின் அட் குறி போட்டு பீட்டா என்று எழுதினால் அன்றைய பீட்டா இறங்கும். ஆனால் அந்தப் பீட்டா என்ற சொல் ஓர் ஓடும் முத்திரை. இன்று பீட்டா 1ஐக் காட்டும், அடுத்த கிழமை பீட்டா 3ஐக் காட்டும். பதிப்பு எண்ணின் முன் கரட் குறி (^) இருந்தால் நிலைப் பதிப்புவரை தானாகவே ஏறிவிடும். ஆகவே பதிப்பு எண்ணை முழுதாக, முன்குறி எதுவுமில்லாமல் பதியுங்கள். குறியீட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் தனிக் கிளை கட்டாயம்.

என்பிஎம்மில் வருவது சின்னப் பொதிதான். அசல் இயக்கக் கோப்புகள் 100 எம்பிக்கு மேற்பட்ட ஸிப் ஆக, தனியாக, கிட்ஹப்பிலிருந்து வரும். டொங்கிள் இணைப்பில் இது பாதியில் நின்றால், சில நேரம் நிறுவல் முடிந்ததுபோல் தோன்றி, ஓட்டும்போது எலெக்ட்ரோன் சரியாக நிறுவப்படவில்லை என்று கத்தும். அப்போது நோட் மொடியூல்ஸ் கோப்புறையில் எலெக்ட்ரோனை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினால் போதும்; முழுக் கோப்புறையையும் அழித்து மறுபடி எல்லாவற்றையும் இறக்குவது டேட்டாவுக்குக் கேடு. ஒருமுறை முழுதாக இறங்கிய ஸிப், விண்டோஸில் பயனரின் உள்ளகச் செயலித் தரவுக் கோப்புறைக்குள் எலெக்ட்ரோன் கேஷ் என்ற இடத்தில் தங்கும். அந்தக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் எடுத்து இன்னொரு கணினியில் அதே இடத்தில் வைத்தால் அங்கே மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கும், நிலாவெளி வளாக மாணவர்களுக்கும் இது பெரிய மிச்சம்.

அடுத்துத்தான் உண்மையான தலையிடி: சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய துணைப் பொதிகள். பில் மென்பொருள் என்றால் எஸ்கியூலைட் தரவுத்தளப் பொதி இருக்கும், எடைத் தராசு இணைத்தால் சீரியல் போர்ட் பொதி இருக்கும். இப்படியான பொதிகளில் பல ஒவ்வொரு எலெக்ட்ரோன் பெரிய பதிப்புக்கும் தனியாகத் தொகுக்கப்பட வேண்டும். 35க்கு உள் எண் 133, 36க்கு 135. எண் பொருந்தாவிட்டால், இந்தப் பொதி வேறொரு நோட் பதிப்புக்குத் தொகுக்கப்பட்டது என்ற பிழை வரும். அதைப் பார்த்ததும் கணினியிலுள்ள நோட்டை மாற்ற ஓடுபவர்கள் அதிகம். அது வீண் வேலை. கட்டளைத் திரையில் ஓடும் நோட் வேறு, எலெக்ட்ரோனுக்குள் இருக்கும் நோட் வேறு. செய்ய வேண்டியது எலெக்ட்ரோன் ரீபில்ட் கருவியை ஓட்டுவது.

நிலைப் பதிப்புகளுக்கு முன்கூட்டியே தொகுத்த கோப்புகளைப் பொதி எழுதியவர்கள் வைத்திருப்பார்கள். பீட்டா வந்த நாளில் அவை பெரும்பாலும் இருக்காது. எனவே உங்கள் கணினியிலேயே தொகுக்க நேரும். அதற்குப் பைதனும், விஷுவல் ஸ்டூடியோ 2022இன் சி பிளஸ் பிளஸ் கட்டுமானக் கருவிகளும் வேண்டும். கருவிகள் பல ஜிபி. இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கள். 33ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பொதிகளுக்கு சி பிளஸ் பிளஸ் 20 கட்டாயமாயிற்று. பழைய 17ஐக் கோரும் பொதி அங்கேயே விழும். அப்படி விழுந்தால் அதற்குப் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே வழி. தொகுப்பி அமைப்புகளை நீங்களே திருத்தி ஒப்பேற்றினால் அடுத்த எட்டு வாரத்தில் அதையே திரும்பச் செய்வீர்கள்.

கடைக்காரர் பார்ப்பது பில் தாளை. ஆகவே பீட்டாவில் அச்சுச் சோதனைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 80 மில்லிமீற்றர் வெப்பத் தாளில் பொதுவாக அச்சாகும் அகலம் 72 மில்லிமீற்றர்தான். எலெக்ட்ரோனின் அச்சுக் கட்டளை தாள் அளவை மைக்ரோனில் கேட்கும்: 80 மில்லிமீற்றர் என்றால் 80000. அளவு கொடுக்காமல் விட்டால் டிரைவரின் வழமைத் தாளை எடுத்துக்கொண்டு, பில்லைச் சுருக்கும் அல்லது ஒரு முழ வெறுந்தாளைத் தள்ளும். ஓரங்களை இல்லை என்று கொடுங்கள். பக்க அளவை சிஎஸ்எஸ்ஸிலும் எழுதுங்கள். உரையாடல் பெட்டி இல்லாத மௌன அச்சில் பிரிண்டர் பெயர் குறிப்பிடாவிட்டால் வழமைப் பிரிண்டருக்குப் போகும். விண்டோஸ் 10இல், வழமைப் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற அமைப்பு இயங்கினால், கடைசியாகப் பயன்படுத்தியதே வழமை ஆகிவிடும். முதலாளி அறையில் ஒரு கடிதம் அச்சிட்டார் என்றால் அதன்பின் பில் எல்லாம் அந்த ஏ4 பிரிண்டரில் வரும். பீட்டாவைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள். பெயர் கொடுக்கும்போதும் திரையில் தெரியும் அழகுப் பெயரை அல்ல, அமைப்புக்குள் பதிந்துள்ள பெயரைக் கொடுக்க வேண்டும்.

தமிழ் பில்லுக்கு எலெக்ட்ரோன் பொருத்தமாக இருப்பதற்குக் காரணமும் இதே அச்சுவழிதான். பிரிண்டருக்கு நேரடியாக எழுத்துக் குறியீடு அனுப்பும் முறையில், பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துகளே அச்சாகும்; கொம்பும் காலும் முன்பின் சேரும் தமிழை அதில் எதிர்பார்க்க முடியாது. குரோமியம் பக்கத்தை வரைந்து படமாக அனுப்புவதால் தமிழ் ஒழுங்காக விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே சேர்த்து, எழுத்துரு ஏறி முடிந்தது என்று உறுதியான பின்னரே அச்சுக் கட்டளையை அனுப்புங்கள். அவசரப்பட்டால் பில் வேறு எழுத்துருவில் அச்சாகி, வரி நீளம் மாறி, தொகை அடுத்த வரிக்கு இறங்கும். (பழைய சரக்குப் பட்டியல் பாமினியில் இருந்தால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள்.)

எண்களும் கவனிக்க வேண்டியவை. மொழிக் குறியீட்டை இலங்கைத் தமிழ் என்று கொடுத்தால் தொகை 1,50,000 என்று இலட்சக் கணக்கில் வரும். 150,000 வேண்டுமென்றால் இலங்கை ஆங்கிலம் என்று கொடுக்க வேண்டும். இந்த வட்டாரத் தரவும் குரோமியத்தோடு சேர்ந்தே மாறுவதால், திரையில் வந்த சொற்கோவையைப் பிரித்துத் திகதியோ தொகையோ எடுக்கும் குறியீடு என்றாவது உடையும். நோட் 20இல் நேரத்துக்கும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவே சாதாரண இடைவெளிக்குப் பதில் குறுகிய இடைவெளி வந்தபோது அப்படி உடைந்தவை பல.

இன்னொரு கட்டாயம்: பீட்டாவுக்குத் தனித் தரவுக் கோப்புறை. செயலி தயாராகும் நிகழ்வுக்கு முன்னரே பயனர் தரவுப் பாதையை மாற்றி எழுதுங்கள். புதிய குரோமியம் எழுதிய உள்ளகத் தரவைப் பழையது ஏற்காமல் போகக்கூடும். பீட்டாவில் ஒருநாள் ஓட்டிவிட்டு நிலைப் பதிப்புக்குத் திரும்பும்போது முன்பதிவுகள் காணாமற் போனால் யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது.

பழைய மாற்றங்களில் இரண்டு இன்னும் ஆட்களைப் பிடிக்கின்றன. 32இல் கோப்புப் பொருளின் பாதைப் பண்பு நீக்கப்பட்டது, வெப் யூட்டில்ஸ் வழியாகக் கேட்க வேண்டும். இழுத்துப் போட்ட படத்தின் பாதை வெறுமையாக வந்தால் காரணம் இதுதான். 36இல் லினக்ஸின் க்னோம் மேசையில் ஜிடிகே 4 (சாளரம் வரையும் நூலகம்) வழமையானது; ஜிடிகே 3 மோதல் என்று செயலி விழுந்தால், ஜிடிகே பதிப்பு 3 என்று கட்டளை வரியில் கொடுத்து ஓட்டலாம்.

இணையப் பக்கத்தைச் செயலியாகக் கட்டித் தரும் இன்னொரு கருவியான டௌரிக்கு வருவோம். 2024 ஒக்டோபரில் 2.0 நிலைப் பதிப்பு வந்தது. குரோமியத்தைச் சுமக்காமல் விண்டோஸிலுள்ள வெப்வியூ2ஐ (எட்ஜ் உலாவியின் உள் இயந்திரம்) பயன்படுத்துவதால் நிறுவி சில எம்பியில் அடங்கும். விளம்பரம் சொல்லாத பக்கம் வெப்வியூ2 இல்லாத கணினி. விண்டோஸ் 11இல் அது கூடவே வருகிறது. பழைய விண்டோஸ் 10இல் இல்லாமல் இருக்கலாம். வழமையான அமைப்பில் நிறுவி அதை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். இணைப்பில்லாத விடுதியில் அங்கேயே நின்றுவிடும். இணைப்பின்றி நிறுவும் தெரிவை எடுத்தால் நிறுவியின் எடை ஏறக்குறைய 127 எம்பி கூடும், குறிப்பிட்ட பதிப்பைப் பூட்டினால் 180 எம்பி கூடும். சிக்கனம் அங்கே கரைந்துவிடுகிறது. பூட்டாவிட்டால் வெப்வியூ2 தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நாட்காட்டி உங்கள் கையில் இல்லை. அதற்கு முன்கூட்டியே சோதிக்க, எட்ஜ் பீட்டாவை நிறுவி, வெப்வியூ2இன் வெளியீட்டு வாய்க்கால் விருப்பத்துக்கான சூழல் மாறியை 1 ஆக்கினால், நிலையற்ற பதிப்பை முதலில் தேடி எடுக்கும். டௌரியைப் புதுப்பித்துவிட்டு இதைச் சோதிக்காமல் விடுவது பாதி வேலைதான். மௌன அச்சும் இதில் உள்ளமைந்து இல்லை, ரஸ்ட் மொழியில் நீங்களே எழுத வேண்டும். பில் கடைக்கு எலெக்ட்ரோன். அச்சு இல்லாத பதிவுச் செயலிக்கு டௌரி தாராளம்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைகளுக்குப் பீட்டாப் பேச்சே வேண்டாம். எலெக்ட்ரோன் 22தான் அங்கே ஓடும் கடைசிப் பதிப்பு, அதன் ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்தது. வெப்வியூ2ம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இணையத்திலிருந்து பிரித்து வைத்து, கணினி மாற்றச் சொல்லுங்கள்.

சேவையகப் பக்கம் சுருக்கமாக. பன் என்பது நோட்டுக்கு மாற்றாக ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் கருவி; அதன் சோதனைக் கட்டுமானமான கேனரி, பிரதானக் கிளையில் சேரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக வெளியாகிறது. அதை பீட்டா என்று நினைத்து வாடிக்கையாளர் இயந்திரத்தில் போடாதீர்கள். விழுந்தால் பிழை அறிக்கையைத் தானாகவே மேலே அனுப்பும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட பிழை திருந்திவிட்டதா என்று பார்க்க மட்டும் போட்டு, மேம்படுத்தும் கட்டளையில் நிலை என்று கொடுத்து உடனே திரும்புங்கள். நிறுவியதும் சட்டவிரோத அறிவுறுத்தல் என்ற பிழையோடு விழுந்தால் பன்னில் குறையில்லை: அதன் வழமைக் கட்டுமானத்துக்கு ஏவிஎக்ஸ்2 (புதிய சிபியுக்களில் உள்ள அறிவுறுத்தல் தொகுதி) வேண்டும், செகண்ட் ஹாண்ட்டில் வரும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகளில் அது கிடையாது. பேஸ்லைன் என்ற கட்டுமானத்தை இறக்கினால் அவற்றிலும் ஓடும். பன்னைப் போன்ற இன்னொரு கருவியான டெனோவின் கேனரிக்கும் இதே அளவு நம்பிக்கைதான் வைக்கலாம், ஆனால் டெனோ பழைய எண்ணைக் கொடுத்துத் துல்லியமாகப் பின்னே போக விடுவதால் பரிசோதிக்கப் பயமில்லை.