நிறம் மாறும் சீட்டு: ஆடிக் காத்துல செஞ்சு பாத்தேன்

சிவப்பு ஏழு, பாத்துக்கிட்டு இருக்கறப்பவே கருப்பு ராணியா மாறுற வித்தை. சொல்லிக்குடுக்கற பாடமும் சீட்டுக்கட்டும் சேத்து 900 ரூபாய்க்கு வாங்கினேனுங்க. வித்தை அருமை. ஒருக்கா தடவுனா போதும், வீட்டுல "இன்னொருக்கா காட்டுங்க"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. திண்ணையில நாலஞ்சு பேருக்கு முன்னாடி செய்யறதுக்கு நம்பி வாங்கலாம்.

ஆனா விளம்பரத்துல சொல்லாத நிபந்தனை ஒண்ணு இருக்குது. பாக்கறவங்க நேரெதிர்ல, கண் மட்டத்துல இருக்கோணும். உடுமலைப் பக்கம் ஒரு காதுகுத்துல பொடுசுக தரையில உக்காந்திருந்துச்சுக. வலது உள்ளங்கைக்குள்ள ஒளிஞ்சிருந்த சீட்டோட வெள்ளை ஓரம் கீழயிருந்து பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு இடது பக்கமா நின்ன மாமனும் பாத்துட்டாரு.

அப்புறம் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடியில வீசறது தெரியுமல்லங்க, திறந்த பந்தல்ல சீட்டு விரல்லயே நிக்கல.

கட்டு 2.5 அங்குல அகலம். கை சின்னவங்க பிரிட்ஜ்ங்கற குறுகலான 2.25 அங்குல சீட்டுல பழகுங்க, மூலை வெளிய நீட்டாது.

எந்தக் கோணத்துல தெரியும்னு விக்கறவங்க ஒரு படம் போட்டிருந்தா, அன்னைக்கு வேற வித்தை கொண்டுபோயிருப்பேன்.