15 வருடம் பழகிய லினக்ஸ் புத்தகமும் அதன் பாழாய்ப்போன சொல்லடைவும்

போன வாரம் புத்தகத்தின் முதுகு மறுபடியும் பிளந்துவிட்டது. நடுவில், போன முறை பிளந்த அதே இடம். பசை தடவி, துணிப்பட்டை ஒட்டி, மேலே இரண்டு அகராதிகளை ஏற்றி ஓர் இரவு அப்படியே வைத்தேன். காலையில் படமெடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். அவன் இப்போதுதான் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியிருக்கிறான். "இவ்வளவு பாடுபட்டு ஒட்டுகிறாயே, அவ்வளவு நல்ல புத்தகமா? நானும் பழைய பிரதி ஒன்று தேடட்டுமா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம். 2009 வாக்கில் வாங்கியது, 700 பக்கத்துக்கு மேல். முன்பாதி டெஸ்க்டாப்பில் லினக்ஸைப் பயன்படுத்துவது எப்படி என்பது. பின்பாதி அதில் புரோகிராம் எழுதுவது: ஷெல் (கட்டளைகளைத் தட்டும் இடம்) ஸ்கிரிப்ட், கொஞ்சம் பைத்தான் மொழி, அப்புறம் சி மொழியில் சிஸ்டம் கால்கள், அதாவது நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்புகள். இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டி, பின்னட்டையில் ஒரு இன்ஸ்டால் சிடியையும் ஒட்டிக் கொடுத்தார்கள்.

முன்பாதி சீக்கிரமே செத்துப்போனது. பக்கத்துக்குப் பக்கம் க்னோம் 2 என்ற டெஸ்க்டாப்பின் ஸ்கிரீன்ஷாட்கள். மேல் பட்டையில் மூன்று மெனுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது, அந்த மூன்று மெனுக்களும் போயின. நெட்வொர்க் பகுதி முழுக்க இஃப்கான்ஃபிக். இன்று பல கணினிகளில் அந்தக் கட்டளையே இருக்காது, அதன் இடத்தில் ஐபி கட்டளை இருக்கிறது. கணினி எழும் விதத்தை ரன்லெவல்கள் என்ற எண்ணிட்ட நிலைகளை வைத்து அழகாக விளக்கியிருந்தார்கள், பூஜ்யம் என்றால் நிறுத்தம், 6 என்றால் மறுதொடக்கம் என்று. அதையும் சிஸ்டம்டி என்ற புதிய முறை வந்து மாற்றியது. டெபியன் என்ற லினக்ஸ் வகைகூட 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பில் அதற்கு மாறிவிட்டது. இதற்கெல்லாம் எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓடுகிற ஆற்றைப் படம் வரையச் சொன்னால் யார்தான் என்ன செய்ய முடியும்?

பின்பாதியிலும் இரண்டு அத்தியாயங்கள் போயின. ஒன்று பைத்தான் 2, இன்னொன்று ஜிடிகே 2 என்ற கருவித்தொகுப்பில் திரை ஜன்னல்கள் வரைவது. மிச்சம் அப்படியே நிற்கிறது. ஃபோர்க் (ஓடும் நிரலைப் பிரதியெடுப்பது), எக்ஸெக் (அதில் வேறு நிரலை ஏற்றுவது), வெயிட் (பிரதி முடியக் காத்திருப்பது), பைப் (நிரல்களுக்கு இடையே தரவு போகும் குழாய்), சிக்னல்கள் (ஓடும் நிரலுக்குப் போகும் அறிவிப்புகள்), கோப்பு உரிமைகள். லினக்ஸ் பின்பற்றும் பழைய இயங்குதளமான யூனிக்ஸுக்கு 1970-களில் போட்ட அஸ்திவாரம்தான் இன்றைக்கும் அடியில் இருக்கிறது, அதனால் அதை விளக்கிய பக்கங்களும் பழசாகவில்லை. அதில் வரும் சி நிரல்களை நான் இன்றும் ஒரு வரி மாற்றாமல் கம்பைல் செய்கிறேன்.

விளக்கும் விதமும் அபாரம். கோப்பு உரிமைகளைப் பற்றி எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். எல்லோரும் 755, 644 என்று உரிமைகளைக் குறிக்கும் எண்களைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் ஒரு சோதனையோடு ஆரம்பிக்கிறார்கள். ஒரு கோப்பில் எழுதும் உரிமையை எடுத்துவிடு, பிறகு அதை அழித்துப் பார். அழிக்கும் கட்டளையான ஆர்எம் ஒரு தடவை கேட்கும், சரி என்றால் அழித்துவிடும். எப்படி? ஒரு கோப்பை அழிப்பது என்றால் அது இருக்கும் ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. ஆகவே எழுதும் உரிமை தேவைப்படுவது அந்த ஃபோல்டரின் மேல். அந்த ஒரே பக்கத்தில் ஃபோல்டர் என்பது பெட்டியல்ல, பட்டியல் என்று எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது சொல்லடைவுக்கு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் தரும் பட்டியலுக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வாங்கிய இரண்டாம் வருடம். இன்னொரு புரோகிராமை ஓடவிட்டு, அது வெளியிடுவதைப் பைப் வழியாக வாசிக்கும் சிறிய நிரல் ஒன்று எழுதினேன். ஓடியது, எல்லா வரிகளையும் வாசித்தது, கடைசியில் அப்படியே தொங்கி நின்றது. முடியவே இல்லை. சொல்லடைவில் பைப் என்று தேடினேன். மூன்று பக்க எண்கள் இருந்தன. மூன்றும் முன்பாதியில், ஷெல்லில் நெட்டுக்கோடு போட்டு இரண்டு கட்டளைகளை இணைப்பதைப் பற்றியவை. கோப்பின் முடிவு என்று தேடினேன், இல்லை. தொங்குதல், காத்திருத்தல், எதுவும் இல்லை. இரண்டு இரவுகள் போயின.

மூன்றாம் நாள் வேறு எதையோ புரட்டும்போது 412-ஆம் பக்கத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. பைப் ஒன்றுக்கு வாசிக்கும் முனை ஒன்று, எழுதும் முனை ஒன்று. ஃபோர்க் செய்ததும் தாய்க்கும் (மூல நிரல்) பிள்ளைக்கும் (அதன் பிரதி) இரண்டு முனைகளும் கிடைத்துவிடுகின்றன, ஆக நான்கு பிடிகள். எழுதும் முனைகள் அத்தனையும் மூடப்பட்டால்தான் வாசிப்பவருக்கு "முடிந்தது" என்ற செய்தி வரும். பிள்ளை எழுதி முடித்து, தன் முனையை மூடிவிட்டுப் போய்விட்டது. ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும் தாயின் கையிலேயே ஓர் எழுதும் முனை திறந்திருக்கிறது. தான் எழுதப்போவதாகத் தானே காத்திருக்கிறது. என் நிரலில் நடந்தது அச்சு அசலாக இதுதான். அந்த முனையை மூடும் ஒரே ஒரு குளோஸ் வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அவ்வளவு நல்ல பக்கத்தை எழுதிவிட்டு, அதற்குப் போகும் வழியைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்! ஸோம்பி புராசஸ் விஷயத்திலும் இதே கதை. பிள்ளை முடிந்த பிறகும் தாய் வெயிட் கூப்பிடாததால் பட்டியலில் மிச்சம் நிற்கும் பதிவுதான் ஸோம்பி, அது ஏற்கெனவே செத்தது, அதனால் கட்டாயமாக நிறுத்தும் கில் 9 கட்டளையைப் போட்டாலும் போகாது என்று அருமையாக ஒரு பத்தி இருக்கிறது. சொல்லடைவில் ஸோம்பி என்ற சொல்லே இல்லை. ஆனால் வால்பேப்பர் என்ற சொல்லுக்கு நான்கு பக்க எண்கள்.

எனக்குத் தோன்றுவது, சொல்லடைவு போட்டவர் முன்பாதியைப் படித்தார், பின்பாதியின் தலைப்புகளை மட்டும் புரட்டினார். வேறு எப்படி இது நடக்கும்?

ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றால், காகிதத்தில் கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட முடியாது. கணினியிலேயே கையேடாக இருக்கும் மேன் பக்கங்களில் தேட மேன் கே என்ற கட்டளை இருக்கிறது, ஒரு சொல்லைக் கொடுத்தால் பொருந்தும் பக்கங்களைக் கொட்டிவிடும். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே பக்கங்களைப் பிரிவு பிரித்து, பெயர் வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். குறைகள் என்று தனித் தலைப்பு போட்டு, தங்கள் கட்டளையில் எது சரியில்லை என்றும் எழுதினார்கள். மாட்டிக்கொண்டு தவிப்பவர்தான் புரட்டுவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்டிக்கொண்டவரின் கையில் சரியான கலைச்சொல் இருக்காது. திரையில் வந்த பிழைச்செய்தி மட்டும்தான் இருக்கும். பர்மிஷன் டினைட், பிரோக்கன் பைப், கமாண்ட் நாட் ஃபவுண்ட். இவையல்லவா சொல்லடைவில் முதலில் இருக்க வேண்டியவை? என் புத்தகத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்காக எழுதிய புத்தகத்தில், தெரிந்தவருக்கு மட்டும் பயன்படும் சொல்லடைவு.

சிடியை என்றைக்கோ தூக்கிப் போட்டாயிற்று. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

சரி, நண்பனுக்குப் பதில். வாங்காதே. பாதிப் புத்தகம் இன்று உன்னைத் தவறான வழியில் கொண்டுபோகும், எது சரி எது பழசு என்று பிரிக்க உனக்கு இப்போது தெரியாது. மீதிப் பாதியில் உனக்கு வேண்டியது கிடைக்க, அது எங்கே இருக்கிறது என்று உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இந்தக் கணினியைப் புரியவைத்தது இந்தப் புத்தகம்தான். இன்னொரு தடவை முதுகு பிளந்தாலும் மறுபடி ஒட்டத்தான் போகிறேன். ஆனாலும் நீ வாங்காதே. ஒருவேளை அந்த 412-ஆம் பக்கத்தை நேற்று மறுபடி படித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. நேற்று இரவு நான் தேடியது சிக்னல் வந்து இடைமறித்த ரீட் (தரவை வாசிக்கும் அழைப்பு) பற்றி. சொல்லடைவில் கிடைக்கவில்லை, அரை மணி நேரம் புரட்டித்தான் கண்டுபிடித்தேன்.

என் பிரதியையும் கேட்காதே, தர மாட்டேன். கடைசியில் இருந்த ஆறு வெற்றுப் பக்கங்களில் இத்தனை வருடமாகப் பென்சிலால் நானே ஒரு சொல்லடைவு எழுதி வந்திருக்கிறேன். பிழைச்செய்தியில் தொடங்கும் பதிவுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் புத்தகத்தின் பக்க எண், அதே விஷயம் எந்த மேன் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. "வாசித்து முடித்தும் தொங்குகிறது: 412, மேன் 7 பைப்." இப்படி. அந்த ஆறு பக்கங்களையும் படமெடுத்து இன்று இரவு அனுப்புகிறேன். பக்க எண்களை விட்டுவிடு, மேன் குறிப்புகள் உன் கணினியில் அப்படியே திறக்கும். நேற்று தேடியதையும் கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறேன்.